அண்ணன் சொல்லாத பெயர்

ஆசீர்வாதம் அண்ணனின் மனைவி எஸ்தர் அக்காவின் போன் வந்தபோது நான் வேப்பம்பட்டு ஸ்டேஷனில், காலை ஏழு மணி வண்டியில் ஒரு காலை உள்ளேயும் ஒரு காலைப் பிளாட்பாரத்திலும் வைத்துக்கொண்டிருந்தேன். "பாஸ்கரு, உங்க அண்ணன் போயிட்டாருப்பா. நாஷ்டா துன்ன உக்காந்தாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். பின்னால் நின்ற ஆள், "உள்ள போய்யா, வழியில நின்னுக்கினு இன்னா போனு" என்று முதுகில் இடித்தார். அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வண்டிக் கம்பியோடு சேர்த்து அழுத்தினேன். அவர் கண்ணில் பயத்தைப் பார்த்த பிறகுதான், நான் பிடித்திருப்பது யாரென்றே தெரியாத ஒரு மனிதரை என்று உறைத்தது. விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டேன். ஐம்பத்தெட்டு வயதாகிறது எனக்கு. ஒரு சாவுச் செய்தியைக்கூடச் சட்டையைப் பிடிக்காமல் வாங்கிக்கொள்ளத் தெரியவில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனைக்கு வருகிறவர்கள் கையில் கொடுக்க ஒரு சின்னப் புத்தகம் போடுகிறோம், நீயும் இரண்டு பக்கம் எழுது என்று அக்கா கேட்டார். மற்றவர்கள் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். அன்பானவர், பண்பானவர், சபைக்குத் தூண், சங்கத்துக்கு முதுகெலும்பு என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சரிதான். ஆனால் இதை எந்தப் பெரிய மனிதர் செத்தாலும் எழுதலாம். ஆசீர்வாதம் அண்ணனுக்கு இது போதாது.

கும்மிடிப்பூண்டி ரோலிங் மில்லில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தவர், அங்கே தொழிலாளர் சங்கத்தின் செயலாளர், நம் சபையின் மூப்பர். இது எல்லோருக்கும் தெரியும். அவருடைய இடது கை முழங்கைக்குக் கீழே கோணிக்கொண்டிருந்ததும் தெரியும். வேலைநிறுத்தத்தின்போது கம்பெனி ஆட்கள் அதை ஒடித்துவிட்டார்கள் என்று ஒன்பது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். இந்தப் புத்தகத்திலேயே இரண்டு பேர் அப்படி எழுதியிருக்கிறீர்கள். அது பொய். ஒடித்தவன் நான். அதற்காக லோகு என்கிற ஒரு மனிதர், ஒரு பாவமும் செய்யாதவர், முட்டியை இழந்தார். அவருக்கு இன்னும் நியாயம் கிடைக்கவில்லை. அதை வைத்துக்கொண்டு என்னால் அண்ணனைப் புகழ முடியாது.

எழுதியதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அக்காவிடம் கொடுத்தேன். நின்றபடியே படித்தார். காகிதத்தை என் முகத்தில் எறிந்தார். பிறகு அவரே குனிந்து பொறுக்கி, அடுக்கிக் கொடுத்து, "ஒரு எழுத்து மாத்தாத. இப்படியே போடு" என்றார். அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. இந்தப் பத்தி ஒன்றைத்தான் அதற்குப் பிறகு சேர்த்தேன்.

மில்லைப் பார்க்காதவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். உலையில் இருந்து வரும் இரும்பு, உருளைகளுக்கு நடுவே நசுங்கி, செக்கச்சிவந்த கம்பியாக வெளியே பாயும். அதை நீளமான கிடுக்கியால் பிடித்து, உடம்பைத் திருப்பி, அடுத்த உருளையின் வாயில் கொடுக்க வேண்டும். ஒரு கம்பி போனால் அடுத்தது வரும். அந்த வெக்கையில் அரை மணிக்கு மேல் ஒருவர் நிற்க முடியாது, ஆள் மாற வேண்டும். சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. கம்பியில் இருந்து கண்ணை எடுத்தால் உயிர் போகும். அதனால் எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம். மாற்ற வருகிறவர் பின்னால் வந்து வலது தோளில் கையை வைப்பார். கை விழுந்தால் கிடுக்கியைத் தூக்கிக்கொண்டு இரண்டு அடி பின்னால் போய்விட வேண்டும், அவர் உள்ளே வந்துவிடுவார். ஏன், எதற்கு என்று கேட்கக் கூடாது. குடித்துவிட்டு வந்தவன்கூட அந்தக் கையை மீறியதில்லை. கம்பி முதலில் பாய்கிற இடத்தில் நிற்பவர் ஆசீர்வாதம் அண்ணன். அடுத்த இடம் எனக்கு. என் அரை மணி முடிவதற்குள்ளேயே பல நாள் அந்தக் கை என் தோளில் விழும். "நீ போய் தண்ணி குடி" என்பார். எனக்குக் கேட்காது, உதடு அசைவது மட்டும் தெரியும்.

ஒரு நாள் கம்பி தடம் மாறியது. உருளைக்குள் போக வேண்டியது வளைந்து மேலே எழும்பி, எங்களோடு வேலை பார்த்த துரையின் தொடையைத் துளைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனது. சதை கருகிய நாற்றம் இன்றைக்கும் சில சமயம் சோற்றுத் தட்டின் முன்னால் வருகிறது. நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம். அண்ணன் முன்னால் ஓடினார். கம்பி துரையை இழுத்துக்கொண்டு போகாமல் இருக்க அதைக் கிடுக்கியால் கவ்விக்கொண்டு நின்றார். மோட்டாரை நிறுத்தும் வரை நின்றார். கையுறை எரிந்து உள்ளங்கையோடு ஒட்டிக்கொண்டது.

துரையை வண்டியில் ஏற்றி ஒரு மணி நேரம் ஆகவில்லை, மேனேஜர் வந்து மில்லை ஓட்டச் சொன்னார். தரைத் தகட்டில் ரத்தம் அப்படியே இருந்தது. அண்ணன் போய் உருளைமேல் உட்கார்ந்துகொண்டார். "முதல்ல இவன் ரத்தத்தை யாராவது கழுவட்டும் சார். அப்புறம் ஓட்டலாம்" என்றார். மேனேஜர் எல்லோர் முன்னாலும் அவரை அறைந்தார். நான் சம்மட்டியைத் தூக்கிவிட்டேன். அண்ணன் என்னைப் பார்த்து, "அறை என் கன்னத்துல வுழுந்துது. உனக்கு இன்னாடா வலிக்குது? கீழ வெய்யி" என்றார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஆனால் சம்மட்டியைக் கீழே வைத்துவிட்டேன். அன்று அவர் அதைச் சொல்லியிருக்காவிட்டால் நான் கொலைக் கேசில் உள்ளே போயிருப்பேன்.

எட்டாம் நாள் துரை செத்துப்போனார். அவருடைய கவனக்குறைவுதான் காரணம் என்று கம்பெனி நோட்டீஸ் ஒட்டியது. அன்றே வேலைநிறுத்தம் தொடங்கியது. நகரத்தில் இருந்து பெரிய தலைவர் ஒருவர் காரில் வருவார். போராட்டப் பந்தலில் மேடை ஏறிப் பேசினால் உடம்பில் மயிர் நட்டுக்கொள்ளும். மூன்றாவது வாரம் கம்பெனி ஒடிசாவில் இருந்து பஸ்ஸில் ஆட்களைக் கொண்டுவந்து ஷெட்டுக்குள்ளேயே தங்க வைத்தது. "உங்க சோத்துல மண்ணள்ளிப் போட வந்தவனுங்க உள்ள தூங்கறானுங்க, நீங்க இங்க கொட்டாவி வுட்டுக்கினு கீறீங்க" என்று தலைவர் மைக்கில் கத்தினார். கைதட்டல் அடங்கும் முன்பே கார் கிளம்பிவிட்டது. பந்தலில் இருந்தவர்களுக்கு ரத்தம் கொதித்தது. எனக்குச் சொல்லவே வேண்டாம். பிறப்பால் நான் கிறிஸ்தவன், பழக்கத்தால் சண்டைக்காரன்.

மறுநாள் காலை அண்ணன் பந்தலுக்கு வந்து மைக் இல்லாமல் பேசினார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "தோட்டத்துல ஆண்டவரைப் பிடிக்க வந்தாங்க. கூட இருந்த பேதுரு கத்தியை உருவி ஒருத்தன் காதை வெட்டிப்புட்டான். ஆண்டவரு எதிராளியைத் திட்டல, பேதுருவைத்தான் திட்டுனாரு. கத்தியை உள்ள போடுன்னாரு. வெட்டுன காதையும் அவரே ஒட்ட வெச்சாரு. எதிராளியைத் தடுக்க ஆயிரம் பேரு வருவான். சொந்த ஆளைத் தடுக்கறதுதான் பேஜாரு. அத்த செய்யாதவன் பின்னாடி போவாதீங்க. நானா இருந்தாலும் போவாதீங்க." நான்தான் எழுந்து பதில் சொன்னேன். "அண்ணே, பிரசங்கத்தை ஞாயித்துக்கெழமை வெச்சிக்கோ. இது சங்கம்" என்றேன். பந்தலே சிரித்தது. அவரும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

பதினோரு மணி வாக்கில் கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனோம், நாற்பது பேர் இருக்கும். காவலாளிகள் ஆபீஸ் பக்கம் இருந்தார்கள். ஷெட்டில் ஒடிசாக்காரர்கள் சமைத்துக்கொண்டிருந்தார்கள். கொதிக்கிற சோற்றுப் பானையை எங்கள் ஆள் ஒருவர் உதைத்துத் தள்ளினார். அவர்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். ஒருவர் எண்ணெய்த் தரையில் வழுக்கி என் காலடியில் விழுந்தார். என் கையில் முழ நீளத்துக்கு வெட்டிய கம்பி இருந்தது. முதுகில் ஒன்று போட்டேன். தலையைக் கைகளால் மூடிக்கொண்டு சுருண்டார். இரண்டாவது அடி அந்தக் கைகளின் மேல் விழுந்தது. எனக்கு நன்றாக இருந்தது. இதை மறைக்க விரும்பவில்லை. துரைக்காக அடிக்கிறேன் என்று மனசு சொன்னது, கைக்கு அந்த நினைப்பே இல்லை.

மூன்றாவது அடிக்கு ஓங்கியபோது என் வலது தோளில் ஒரு கை விழுந்தது.

கூட்டத்தில் யாரென்று தெரியாமல் அடித்திருப்பான் என்று என்னிடம் பிரியம் உள்ள சிலர் நினைப்பீர்கள். அப்படி நினைக்க வேண்டாம். அந்தக் கையின் கனம் எனக்குத் தெரியும். அந்தக் கைக்கு இடம் விட்டு ஒரு நாளில் பத்து முறை பின்னால் போனவன் நான். அன்றைக்கும் கால் தானாகப் பின்னால் போனது. நான்தான் அதை நிறுத்தினேன். திரும்பினேன். முகத்தைப் பார்த்தேன். பார்த்த பிறகுதான் அடித்தேன்.

எலும்பு ஒடிந்த சத்தம் அந்தக் கூச்சலிலும் கேட்டது. அண்ணன் விழுந்தார். விழுந்தவர் அந்த ஒடிசாக்காரர்மேல் குறுக்காகப் படுத்து அவரை மூடிக்கொண்டார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "இன்னும் கோவம் கீதா? கீதுன்னா இங்கியே அடி. அவனை வுட்டுடு" என்றார். நான் கம்பியைப் போட்டுவிட்டு ஓடினேன். தொழிற்பேட்டை முழுக்க ஓடி, ரயில்வே லைனைத் தாண்டி, ஒரு முள்ளுப் புதருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

எங்கள் ஆட்கள் மற்றவர்களைத் துரத்திக்கொண்டு ஷெட்டின் மறுபக்கம் போயிருந்ததால் நான் அடித்ததை யாரும் பார்க்கவில்லை. நான் ஓடிய பிறகு காவலாளிகள் வந்திருக்கிறார்கள். அவர்களுடைய சூப்பர்வைசர் லோகு, பக்கத்துக் கிராமத்துக்காரர், கையில் லத்தியோடு குனிந்து அண்ணனைத் தூக்கப் பார்த்திருக்கிறார். யாரோ போனில் படம் எடுத்துவிட்டார்கள். கீழே அண்ணன், மேலே லத்தியோடு லோகு. மத்தியானத்துக்குள் அந்தப் படம் எல்லோர் போனிலும் இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் அதையே நம்பினார்கள். நம்பட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் இன்ஸ்பெக்டர் வந்து அடித்தது யார் என்று கேட்டார். அண்ணன் தெரியாது என்று பொய் சொல்லவில்லை. "தெரியும் சார். சொல்ல மாட்டேன்" என்றார். இன்ஸ்பெக்டர் திட்டிவிட்டுப் போனார். பார்க்க வந்த சங்கத்து ஆட்கள் லோகுவைச் சும்மா விடமாட்டோம் என்று அவர் கட்டிலருகே நின்று பேசினார்கள். வாய்ப் பேச்சு என்று அவர் விட்டுவிட்டார். அவர் செய்த பெரிய தப்பு அது. பிறகு அதை அவர் வாயாலேயே சொன்னார்.

இரண்டு நாள் கழித்து, மாலை ஐந்தரை மணிக்கு, ஹைவே பஸ் ஸ்டாப்பில் லோகு தனியாக நின்றுகொண்டிருந்தார். நாங்கள் நான்கு பேர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு இரண்டு பைக்கில் போனோம். என்னைக் கூப்பிட்டபோது நான் மறுத்திருக்கலாம். அண்ணனுக்கு இவ்வளவு நெருங்கினவன் ஏன் வரவில்லை என்று சந்தேகம் வரும் என்று பயந்து போனேன். பைப்பால் முதல் அடி விழுந்ததும் லோகு கீழே உட்கார்ந்துவிட்டார். "ஐயோ நான் இல்லண்ணா. நான் அவரைத் தூக்கத்தான் போனேன். என் பொண்ணு மேல சத்தியமா நான் இல்லண்ணா" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் உண்மையைத்தான் சொல்கிறார் என்று அங்கே நின்ற நான்கு பேரில் எனக்கு ஒருவனுக்குத்தான் தெரியும். நான்காவது அடி என்னுடையது. வலது முட்டியில் போட்டேன். அவர் வாயை மூட வேண்டும் என்பதற்காகப் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கட்டுப்போட்ட கையோடு சபைக்கு வந்தார். அறிவிப்பு வாசிக்கிற நேரத்தில் மைக்கைக் கேட்டு வாங்கினார். உங்களில் பலர் அன்று இருந்தீர்கள், உங்களுக்கு ஞாபகம் இருக்கும். "லோகு என்னைத் தொடல. அடிச்சவன் யாருன்னு எனக்குத் தெரியும். அவனா வந்து சொல்லுவான்னு வாயை மூடிக்கினு படுத்திருந்தேன். 'லோகு இல்ல'ன்னு மொத நாளே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும். சொல்லல. ஒருத்தனைக் காப்பாத்தறேன்னு இன்னொருத்தனை அடிக்கக் குடுத்துட்டேன். கூலிக்கு மேய்க்கறவன்தான் ஓநாயைப் பாத்து ஓடுவான்னு உங்களுக்கு நானே சொல்லிக் குடுத்திருக்கேன். நான் படுத்துக்கினே ஓடிட்டேன்." சங்கச் செயலாளர் பதவியையும் மூப்பர் பொறுப்பையும் அன்றே விட்டார். "பின்ன யாரு? பேரைச் சொல்லுய்யா" என்று ஆராதனை என்றும் பாராமல் கத்தினார்கள். அவர் சொல்லவில்லை, லோகு இல்லை என்றால் வேறொரு கம்பெனி ஆள் என்று நீங்களாக முடிவு கட்டிக்கொண்டீர்கள். நான் மூன்றாவது வரிசையில் என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அண்ணன் என் பக்கம் திரும்பவே இல்லை.

அவர் பெயரைச் சொல்லாமல் விட்டது சரியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. சொல்லியிருந்தால் லோகுவுக்கு நியாயம் கிடைத்திருக்கும், நான் ஜெயிலுக்குப் போயிருப்பேன். ஆனால் தலைவர் என்று சொல்லிக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தப்பு நடந்தால் காரைக் கிளப்புவார்கள், இல்லை என்றால் பழியைத் தொண்டன் தலையில் கட்டுவார்கள். தன் தப்பை மைக்கில் சொல்லிவிட்டுக் கீழே இறங்கினவர் இவர் ஒருவர்தான். விசேஷம் என்னவென்றால், பதவியை விட்ட பிறகுதான் ஆட்கள் அவரிடம் அதிகமாக வந்தார்கள். மூன்று வருஷம் கழித்து நீங்களே கட்டாயப்படுத்தி அவரை மறுபடியும் மூப்பர் ஆக்கினீர்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். அக்கா இல்லை. காலில் விழப் போனேன். எழுப்பி நிறுத்தினார். பஸ் ஸ்டாப்பில் நானும் இருந்தேன் என்று சொன்னேன். அதுவரை அவருக்கு அது தெரியாது. முகம் மாறிவிட்டது. நல்ல கையால் என்னை அறைந்தார். இரண்டாவது முறையும் அறைந்தார். "இது என் கைக்கு இல்லடா. அத்த நான் அப்பவே வுட்டுட்டேன். இது லோகு முட்டிக்கு" என்றார். மூச்சு வாங்க உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே, "நீ அடிச்சியே, அந்த ஒடிசாக்காரன் பேரு தெரியுமா உனக்கு?" என்று கேட்டார். தெரியாது என்றேன். "திலீப்பு. ஆஸ்பத்திரியில பக்கத்துக் கட்டில்ல கெடந்தான். பேரு தெரியாதவனை அடிக்கறது சுலபம்டா. லோகு பேரு உனக்குத் தெரியும். போய்ச் சொல்லு. நானும் கூட வர்றேன். அவன் அடிச்சான்னா ரெண்டு பேரும் வாங்கிக்கலாம்" என்றார்.

நான் போகவில்லை. பெண்ணுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தோம், அது முடியட்டும் என்றேன். முடிந்தது. பேரன் பிறக்கட்டும் என்றேன். பிறந்தான். வேலைநிறுத்தம் நடந்த வருஷமே வேப்பம்பட்டில் வீடு கட்டிக்கொண்டு போனபோது, அண்ணனிடம் இருந்து தூரமாகிவிடலாம் என்கிற எண்ணமும் எனக்கு இருந்தது. அவர் விடவில்லை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் இரண்டு ரயில் மாறி வருவார். கேக்கைக் கொடுப்பார், பேரனைத் தூக்குவார், கிளம்பும்போது வாசலில் நின்று "போலாமா?" என்பார். வேறு ஒன்றும் சொல்ல மாட்டார். நான் ஏதாவது காரணம் சொல்வேன். "சரிடா" என்று போய்விடுவார். ஒன்பது முறை கேட்டார். கோபமாக ஒரு முறையாவது கேட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான்கு வருஷத்துக்கு முன் ஒரு முறை, லோகு எங்கே இருக்கிறார் என்று விசாரித்து, அவர் வீட்டு வாசல் வரை போய்விட்டேன். கதவு திறந்திருந்தது. லோகுவுக்கு முட்டி மடங்காது, குனிந்து காலைத் தொட முடியாது. அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அண்ணன் தரையில் உட்கார்ந்து அவருக்குக் கால் நகம் வெட்டிக்கொண்டிருந்தார். கோணல் கையால் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, நல்ல கையால் வெட்டினார். "மெதுவா வெட்டுய்யா, சதையோட எடுத்துடாத. ஏற்கெனவே ஒரு காலு போச்சு" என்று லோகு திட்டினார். "ஆட்டாம வெய்யி, பெரிய மாப்பிள்ளை" என்று அண்ணன் பதிலுக்குத் திட்டினார். லோகு சபைக்கு வந்தவர் இல்லை, அண்ணன் கூப்பிட்டதும் இல்லை. சீஷர்களின் பாதத்தைக் கழுவினது பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆனதில்லை. இதைப் பார்த்து வாசலிலேயே அழுதேன். ஆனாலும் உள்ளே போகத் தைரியம் வரவில்லை. திரும்பிவிட்டேன்.

அடக்கத்தன்று கல்லறையில் லோகு என்னை அடித்ததை நிறையப் பேர் பார்த்தீர்கள். குடித்துவிட்டுச் சண்டை போட்டார்கள் என்று பேசிக்கொண்டீர்களாம். நடந்தது இதுதான். பெட்டியைக் குழியில் இறக்கி, எல்லோரும் மண் போட்டு முடித்த பிறகு, லோகு சுவரோரம் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய், "லோகு, உன் முட்டியில அடிச்ச நாலு பேருல நான் ஒருத்தன். அண்ணன் கையை ஒடிச்சதும் நான்தான்" என்றேன். அவர் குழாயை மூடினார். "இன்னொரு வாட்டி சொல்லு" என்றார். சொன்னேன்.

ஊன்றுகோல் முதலில் காதில் விழுந்தது. இரண்டாவது வாயில். ஒரு பல் உடைந்து கையில் வந்தது. கையைத் தூக்கித் தடுக்கவில்லை. தடுக்கக் கூடாது என்று ஒன்றும் முடிவு செய்துகொண்டு போகவில்லை, கை எழும்பவில்லை. ஓடி வந்தவர்களை வராதீர்கள் என்றேன். லோகுவுக்கு மூன்றாவது அடிக்கு மூச்சு இல்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இத்த அவரு உசுரோட இருக்கசொல்ல வந்து சொல்லியிருந்தீன்னா, அவரு நடுவுல வந்து நின்னிருப்பாரு" என்றார். "நானும் வுட்டிருப்பேன். உனக்காக இல்ல, அவரு மூஞ்சிக்காக வுட்டிருப்பேன். இப்ப நடுவுல யார்ரா கீறாங்க?" சொல்லிவிட்டு அவர் அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வாய் முழுக்க ரத்தம். ஒன்பது வருஷம் அண்ணன் எதற்காக ரயில் மாறி மாறி வந்தார் என்று அந்தக் குழாயடியில்தான் எனக்குப் புரிந்தது. நடுவில் நிற்கத் தயாராக இருந்த ஒரு மனிதரை நான் வீணாக்கிவிட்டேன். அவர் இல்லை என்ற துக்கத்தைவிட இது எனக்கு அதிகமாக வலிக்கிறது.

கொஞ்சம் அடங்கினதும் லோகு, "மத்த மூணு பேரு யாரு?" என்று கேட்டார். "நான் சொல்ல மாட்டேன். கூட்டிக்கினு வர்றேன்" என்றேன். "எப்ப?" என்றார். நினைவு ஆராதனை அன்றைக்கு என்றேன். "நாலு பேரா வா. தனியா வந்தீன்னா உள்ள வுட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் காலை இழுத்துக்கொண்டு போனார்.

இந்த மாதிரி எழுதும்போது, போனவரிடம் இருந்து நமக்கு மிச்சம் என்ன என்று கடைசியில் சொல்ல வேண்டும் என்றார்கள். அண்ணனுடைய பொறுமை எனக்கு வரவில்லை, வரவும் வராது. அவர் மாதிரி மன்னிக்கவும் தெரியாது. பெயரை வெளியே சொல்லாமல் ஆளையே கூட்டிக்கொண்டு போய் நிறுத்த வேண்டும், அடி விழுந்தால் கூடவே நின்று வாங்க வேண்டும் என்ற ஒன்றைத்தான் அவரிடம் இருந்து எடுத்து வைத்திருக்கிறேன்.

மற்ற மூன்று பேரும் இந்த நிமிஷம் இந்தப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எங்களோடுதான் உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பெயரை நான் எழுதவில்லை, யாரிடமும் சொல்லவும் மாட்டேன். ஆராதனை முடிந்ததும் வெளியே கேட்டருகில் நிற்பேன். அங்கிருந்து லோகு வீட்டுக்கு நடந்தே போய்விடலாம். கதவை நான் தட்டுகிறேன், நீங்கள் என் பின்னால் நின்றால் போதும். அண்ணன் எனக்காக ஒன்பது வருஷம் காத்திருந்தார். நான் உங்களுக்காக, நீங்கள் வெளியே வந்து செருப்பு மாட்டும் வரைதான் காத்திருப்பேன்.